நாடி பார்க்க வேண்டாம் என்றவருக்கு

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பிள்ளை கோயமுத்தூரிலிருந்து சாப்பிட வந்திருந்தான். ரசம் சாதத்தில் கை வைத்த நேரம் அவன் போன் கீச்சிட்டது. இடது கையாலேயே லேப்டாப்பைத் திறந்து, மேஜையில் கிடந்த செய்தித்தாளின் மேல் வைத்தான். திரையில் பச்சையும் சிவப்புமாக இரண்டு கோடுகள் ஓடின.

"ஒண்ணுமில்லை பெரியம்மா. சர்வர்ல மெமரி தொண்ணூறைத் தாண்டிடுத்து. தாண்டினா கூப்பிடறாப்பல வச்சிருக்கோம்" என்றான். ஏதோ தட்டினான். சிவப்புக் கோடு இறங்கியது. லேப்டாப்பை மூடி நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி ரசத்துக்குப் போனான்.

அது இருந்த இடத்தில், செய்தித்தாளில், உங்கள் படம் இருந்தது. காலமானார் என்று போட்டு, கீழே உங்கள் பெருமைகளை அடுக்கியிருந்தார்கள். கணினிகளின் பிராசஸரையும் மெமரியையும் கண்காணிக்கும் வழக்கத்தை இந்தப் பக்கத்தில் முதலில் கொண்டுவந்தவர் நீங்களாம்.

"யாரு பெரியம்மா, தெரிஞ்சவாளா?"

"என்னோட பழைய மேனேஜர்."

"பெரிய ஆளா?"

"சாதம் ஆறறது, சாப்பிடு" என்றேன்.

அன்புள்ள என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. மரியாதைக்குரிய என்பதும் பொய்யாகிவிடும். ஆகையால் வெறும் நீங்கள்தான். செய்தித்தாளில் நாலு பேர் உங்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். உங்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்தவள் நான். எழுத எனக்கும் உரிமை இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் நான் கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கல்பாத்தியில் வீட்டோடு இருந்தேன். நீங்கள் அடுத்த தெரு. வெளிநாட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர் என்று ஊரே உங்களைப் பற்றிப் பேசியது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லைப் பக்கம் புதிதாக வந்த உலோகத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பகுதிக்கு நீங்கள் மேனேஜர். பெண்களை எந்தத் தொழிற்சாலையும் மதிக்காத அந்தக் காலத்தில் எனக்கு வேலை கொடுத்தீர்கள். அதற்காக ரொம்ப நாள் உங்களிடம் நன்றியோடுதான் இருந்தேன். பிறகு ஒருநாள் கேன்டீனில் நீங்கள் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. "பெண்குட்டியாக்கும் நல்லது. எதிர்த்துப் பேசாது."

ஆளுயர அலமாரிபோல இருந்தது மெஷின். இன்றைக்கு ஒரு விளையாட்டுப் பொம்மைக்குள் இருக்கிற மெமரிகூட அதற்குக் கிடையாது. கீழ்த்தளத்தில் உலைக் கூடம். ஒவ்வொரு உலையைச் சுற்றியும் குழாயில் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் குழாய் வெடித்து, தண்ணீர் உருகிய உலோகத்தின் மேல் படும். அப்புறம் அங்கே நிற்கிறவன் தப்பிக்க முடியாது. அந்தத் தண்ணீரின் அழுத்தத்தை மெஷின் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். குறைந்தால் உலைக் கூடத்தில் மணி அடிக்கும். கம்பெனி அதைக் கப்பலில் வரவழைத்தது அந்த மணிக்காகத்தான். மிச்ச நேரத்தில் ஸ்டோர் இருப்பையும் ஆபீஸ் அறிக்கைகளையும் அது பார்த்துக்கொள்ளும். ஒரே மெஷின், நாலு இடத்தில் நாலு டெர்மினல். அதில் ஒன்று உங்கள் அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்.

வேலை ஒன்றும் இல்லாதபோது மெஷினின் முகப்பில் ஒரு விளக்கு அசையாமல் எரியும். கூப்பிட்டால் உடனே வருகிறேன் என்று அதற்கு அர்த்தம். உங்களுக்கு அந்த விளக்கைக் கண்டாலே ஆகாது. அந்த நாளில் சுவரெல்லாம் பேச்சைக் குறைத்து வேலையைப் பெருக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தார்கள். அதை ஒரு இரும்பு அலமாரிக்கும் சொல்லிக் கொடுக்கப் பார்த்த ஒரே மனிதர் நீங்கள்.

"இது சும்மா இருக்கறத்துக்கா கப்பல் ஏறி வந்தது?" என்று கேட்டீர்கள். "பாக்க வரவா என்ன நினைச்சுப்பா? எப்பவும் திரக்கா மின்னிண்டே இருக்கணும், கேட்டியா?" திரக்கு என்றால் எங்கள் பக்கத்தில் கை ஒழியாத வேலை.

வேலை இல்லாத நேரத்தில் பகா எண்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க ஒரு புரோகிராம் எழுதச் சொன்னீர்கள். அந்த எண்கள் யாருக்கும் வேண்டாம். விளக்குகள் மின்ன வேண்டும், அவ்வளவுதான். வேறு எந்த வேலை வந்தாலும் உடனே விலகிக்கொள்ளும்படி அதை எழுதினேன். அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. அந்த மின்னலைக் காட்டி நீங்கள் வந்தவர்களிடம், "பாருங்கோ, எத்தனை சிந்திக்கறது" என்பீர்கள். அவர்களும் தலையாட்டுவார்கள்.

ரங்கசாமி வந்தது அதற்குச் சில மாதம் கழித்து. வடகரப்பதிக்காரர், உலைக் கூடத்தில் ஃபோர்மேன். யாரிடமும் பணிந்து பேசுகிற வழக்கம் இல்லாத மனிதர். செருப்போடு கம்ப்யூட்டர் அறைக்குள் வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, நேத்து தண்ணி கொறஞ்சு, நானே பார்த்து வால்வைத் திருப்பி, துண்டுல மூஞ்சியத் தொடச்சு முடிச்சப்புறந்தானுங்க உங்க மணி அடிச்சுது. தூங்கிப்போச்சுங்களா உங்க மெசினு?"

"அப்படி ஆகக் கூடாதே" என்றேன்.

"ஆச்சுங்களே. கீழ நிக்கறவன் நானுங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

எங்கே பார்ப்பது? அப்போது மெஷின் உள்ளே என்ன செய்கிறது என்று காட்டுகிற கோடுகள் எல்லாம் கிடையாது. ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். விநாடிக்குப் பல தடவை அது கண்ணைத் திறந்து, பிராசஸர் இப்போது யார் கையில் இருக்கிறது, மெமரியில் எவ்வளவு இடம் காலி, யார் வெளியே நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும். மணிக்கு ஒரு தடவை ஒரு வரி அச்சடிக்கும். ஆபரேட்டர்கள் அதற்கு நாடி என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு வாரத்தில் நாடி சொல்லிவிட்டது. உங்கள் அறை டெர்மினலுக்காக நீங்கள் ஓட்டிய அறிக்கைப் புரோகிராம் மெமரியில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தது. போதாதென்று, எல்லோருக்கும் முந்தி அதற்குத்தான் பிராசஸர். நீங்கள் ஒரு பொத்தானை அமுக்கினால் உலகம் நின்று உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பார்க்கிற புரோகிராமுக்கு மெமரியில் யாரும் தொடக் கூடாத ஒரு இடம் இருந்தது. அதையும் நீங்கள் எடுத்துவிட்டிருந்தீர்கள். "அது பாட்டுக்குச் சும்மாதானே உக்காந்துண்டிருக்கு" என்று, கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நீங்களே மாற்றியிருந்தீர்கள். அந்த மெஷினில் நீங்கள் சொந்தமாகச் செய்த ஒரே வேலை அதுதான். அப்புறம் மெமரி நிறைந்தபோதெல்லாம் தண்ணீர்ப் புரோகிராம் வெளியே டிஸ்கில் போய்க் கிடந்தது. இடம் காலியாகும்வரை அதற்குக் கண்ணே கிடையாது.

அச்சடித்த தாளை உங்கள் மேஜையில் விரித்தேன். நீங்கள் மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். ஒரு இடத்தில் உங்கள் விரல் நின்றது.

"தொண்ணூத்தெட்டு சதவீதமா?"

"ஆமாம் சார். உங்க புரோகிராம் ஓடறப்போ பிராசஸர் அவ்வளவு நிரம்பிப்போறது. மெமரியில இடமே இல்லை. தண்ணியைப் பாக்கறது வெளியில நிக்கறது."

"தொண்ணூத்தெட்டுன்னா எத்தனை நன்னா ஜோலி பண்றதுன்னு அர்த்தம்."

"மூச்சு முட்டறதுன்னு அர்த்தம் சார்."

நீங்கள் சிரித்தீர்கள். கோபப்பட்டிருந்தால்கூட உங்களைக் கொஞ்சம் மதித்திருப்பேன். "நீ இங்கே மெஷினுக்கு வைத்தியம் பாக்கவா வந்திருக்கே?" என்று கேட்டீர்கள். தாளை மட்டும் திருப்பித் தரவில்லை.

மறு வாரம் டைரக்டர்கள் கூட்டம். தேநீர் வேளையில் உங்கள் பேச்சைக் கேட்க எங்களையும் பின்னால் நிற்க வைத்தீர்கள். நம்முடைய மெஷின் தொண்ணூற்றெட்டு சதவீதம் உழைக்கிறது, வெளிநாட்டில்கூட இப்படிப் பார்த்ததில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். கை தட்டினார்கள். ஒருவருடைய காய்ச்சலை அளந்துவிட்டு, உடம்பில் எவ்வளவு சூடு பாருங்கள் என்று பெருமைப்படுகிற வைத்தியரை யாராவது கண்டிருக்கிறார்களா? நான் கண்டேன். அவருக்கு அன்று பூமாலை போட்டார்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள் நாடியை நிறுத்தச் சொன்னீர்கள்.

"அதுவும் கொஞ்சம் பிராசஸரைத் தின்னறதே. எனக்கு வேண்டிய நம்பர் கிடைச்சாச்சு. இனிமே என்னத்துக்கு நாடி பாக்கணும்? வேண்டாம்."

"ரங்கசாமி புகார் சொல்லியிருக்கார் சார்."

"அவனுக்கு என்ன தெரியும்? கீழ அவ்வளவு சத்தம். மணி அடிச்சிருக்கும், காதுல விழுந்திருக்காது."

எழுத்தில் கொடுத்தேன். பதில் வரவில்லை. இரண்டாம் தடவையும் கொடுத்தேன். அதன்பிறகு நீங்கள் என்னைக் கூப்பிட்டனுப்புவது நின்றது. தேவையானதை ஆபரேட்டரிடம் சொல்லியனுப்பினீர்கள்.

மழைக்காலம் முடிந்த சமயம், பகல் பதினொரு மணி. தலைமை ஆபீஸிலிருந்து வந்தவர்களுக்கு உங்கள் அறையில் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தீர்கள். வந்தவர் பெயரைத் தட்டினால் உங்கள் அறிக்கைப் புரோகிராம் அதை நட்சத்திரக் குறிகளால் முழ நீள எழுத்துகளாக அச்சடிக்கும். ஒவ்வொருவர் பெயரும் வர வர அவர்கள் குழந்தைகளைப் போலத் தாளைப் பிடித்து மகிழ்ந்தார்கள். கீழே தண்ணீர்ப் பம்ப் நின்றுபோயிருந்தது.

மணி அடிக்கவில்லை. குழாயில் வந்த சத்தத்தைக் கேட்டுத்தான் ரங்கசாமிக்குத் தெரிந்தது. உலைக்கு அருகில் நின்ற இருவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு, ஓடிப்போய், உலைக்கு மின்சாரத்தை நிறுத்துகிற சுவிட்சைக் கையாலேயே இழுத்தார். ஆவி அவர் வலது கையிலும் கழுத்திலும் அடித்தது. நான் மாடிப்படியில் இறங்கி ஓடியபோது அவரைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். கைத் தோல் சட்டையோடு சேர்ந்து உரிந்திருந்தது. அவர் கண்ணை மட்டும் திறந்து திறந்து மூடினார். அப்போதுதான் மணி அடித்தது.

நீங்கள் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தீர்கள். "பாத்தேளா, மணி அடிக்கறதே" என்று விருந்தாளிகளிடம் சொன்னீர்கள். அந்த வாக்கியத்துக்காக உங்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. செத்துப்போனதால் அது மாறிவிடப் போவதில்லை.

விசாரணைக்கு முன்பே நீங்கள் அறிக்கை எழுதி முடித்துவிட்டீர்கள். மெஷின் நல்ல நிலையில் இருந்தது, மணி அடித்தது, ஃபோர்மேனுக்குக் காது மந்தம். அந்த வாரக் கடைசியில் வடகரப்பதிக்கு ரங்கசாமியைப் பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"கை போனாப் போகுதுங்க அம்மிணி" என்றார். "செவுடன்னு எழுதிப்போட்டாங்களாமே. இனி எந்தக் கம்பெனியில என்னைய உலைக்குப் பக்கத்துல நிக்க உடுவாங்க? எங்கூட்டுல கேக்கறாங்க, உங்களுக்கு நெசமாலுமே காது கேக்காதுங்களான்னு."

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். மூத்தவர் மெட்ராஸ் இன்ஜினீயர், அதிகம் பேசாதவர். மெஷினில் வேறு எதுவும் ஓடாதபோது தண்ணீர்ச் சோதனை செய்து காட்டினீர்கள். மணி கணீரென்று அடித்தது. அவர்கள் எழுந்திருக்கப் போனார்கள். நான் எழுந்து நின்றேன்.

"சார், அன்னிக்கு என்னென்ன ஓடிண்டிருந்ததோ அதெல்லாம் ஓடறப்போ ஒரு தடவை பாக்கலாமா?"

"அதெல்லாம் ஆவசியமில்லை" என்றீர்கள்.

"பாக்கலாமே" என்றார் மெட்ராஸ்காரர்.

உங்களுக்கு வேறு வழியில்லை. உங்கள் டெர்மினலில் அவருடைய பெயரையே தட்டச் சொன்னேன். அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியதும், தண்ணீர் அளவு வருகிற கம்பியை எலக்ட்ரீஷியன் கழற்றினார். மெஷினைப் பொறுத்தவரை கீழே உலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லோரும் காத்திருந்தோம். அவருக்கு ஊர்ப் பெயர், அப்பா பெயர், தன் பெயர், பட்டம் எல்லாம் சேர்ந்த பெயர். நட்சத்திரங்கள் வந்துகொண்டே இருந்தன. தாள் மேஜையைத் தாண்டித் தரையில் மடிந்து விழுந்தது. மணி வாயைத் திறக்கவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். நீங்கள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். கடைசி எழுத்து அச்சாகி, இயந்திரம் ஓய்ந்தது. அதற்கப்புறம்தான் கீழே மணி அடித்தது.

மெட்ராஸ்காரர் தாளைக் கிழித்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "என் பேர் இவ்வளவு நீளம்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார்.

"இது யதேச்சையாக்கும்" என்றீர்கள். யாரும் உங்கள் பக்கம் திரும்பவில்லை.

காது மந்தம் என்ற வரியை அடித்தார்கள். தண்ணீர்ப் புரோகிராமுக்கு அதன் இடம் திரும்பக் கிடைத்தது. நாடியும் மறுபடி ஓடியது. ரங்கசாமிக்குக் கம்பெனி வைத்தியம் பார்த்தது, இருக்கையில் உட்கார்ந்து செய்கிற வேலையும் கொடுத்தது. வலது கை விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. கேட்டில் என்னைக் காணும்போதெல்லாம் இடது கையைத் தூக்கி, "இன்னைக்கு முழிச்சிருக்குதுங்களா?" என்று கேட்பார். முழித்திருக்கிறது என்பேன்.

உங்களுக்கு என்ன ஆயிற்று? தலைமை ஆபீஸுக்கு, இன்னும் பெரிய மெஷினுக்கு, பதவி உயர்வோடு அனுப்பினார்கள். அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உங்களைப் போன்றவர்களை ஒரு இடத்திலிருந்து அகற்ற அவர்களுக்குத் தெரிந்த வழி மேலே தள்ளுவதுதான். நானும் பிறகு கோயமுத்தூரில் வேறு வேலை தேடிக்கொண்டேன். பல வருஷம் கழித்து அங்கே ஒரு கருத்தரங்கில் நீங்கள் மேடையில் இருந்தீர்கள். யாருக்கும் தோன்றாத காலத்திலேயே பிராசஸரையும் மெமரியையும் விடாமல் அளந்தோம், அதற்கு நாடி என்று நான் பெயர் வைத்தேன் என்று பேசினீர்கள். மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கண் என் மேல் பட்டது, ஒரு கணமும் தடுமாறாமல் நகர்ந்தது. பொய் சொல்கிறவர் என்றால் தடுமாறுவார். அதற்குள் நீங்களே அதை நம்பத் தொடங்கியிருந்தீர்கள்.

இது பொறாமையோ என்று என்னையே பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். உங்கள் பதவியை நான் விரும்பியதில்லை. அந்தப் பெயரைக்கூட நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஒரு மனிதன் ஆவியில் வெந்துகொண்டிருக்கும்போது விருந்தாளியிடம் மணியைக் காட்டிப் பெருமைப்பட்ட முகம், அதுதான் போகமாட்டேன் என்கிறது. உங்களால் எனக்கு வந்த ஒரு பழக்கம் உண்டு. அப்புறம் வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலும், மெஷின் எவ்வளவு வேலை செய்கிறது என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், அதற்காக வெளியே நிற்கிறது யார் என்று கேட்பேன். பலருக்கும் அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கேட்பதை நான் நிறுத்தவும் இல்லை.

நேற்று உங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். உங்களுக்காகப் போகவில்லை. உங்கள் வீட்டு மாமி எனக்கு என்றும் கெடுதல் செய்ததில்லை. கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கும் ரெண்டு பேருக்கு அரிசி வச்சுட்டேன்" என்றார். "ஆபீஸ் நாள்லேர்ந்து அப்படித்தான். எப்போ வருவார்னு தெரியாது. வச்சுண்டு காத்துண்டிருப்பேன். ரிட்டயர் ஆனப்புறமும் மீட்டிங்கு, அது இதுன்னு. நீ அவர்கூட ஜோலி பண்ணினவளாச்சே. சொல்லு, நன்னா ஜோலி பண்ணுவாரோல்லியோ?"

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் திரக்காத்தான் இருப்பார், மாமி" என்றேன்.

மாமியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஆமாம். எப்பவும் திரக்குதான்" என்று தலையை ஆட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெண்ணிடமும் அதைத் திருப்பிச் சொன்னார்.

அந்த ஒரு சொல்லை மாமியிடம் விட்டுவிட்டேன். மற்றதையெல்லாம் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.